சாப்பாட்டுத் தட்டைச் சூடாக்கிவிட்டுத்தான் பரிமாற வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரைக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு குன்னூர்வாசி. மலைக்கு வந்த முதல் டிசம்பரில், ஊரிலிருந்து வந்த சின்ன மாமனாருக்கு மட்டன் குழம்பு வைத்து, புதிதாக வாங்கிய கனமான பீங்கான் தட்டில் பரிமாறினேன். அடுப்பில் தளதளவென்று கொதித்த குழம்புதான். அவர் நான்கு வாய் சாப்பிடுவதற்குள் தட்டின் ஓரத்தில் வெள்ளையாக மெழுகு படிந்ததுபோல் கொழுப்பு உறைந்துவிட்டது. மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. விரலால் அதை ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டார். அன்றைக்கு ராத்திரிதான் தட்டைச் சூடாக்குவது பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். அதன்பிறகு உறவிலும் நட்பிலும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: சூடாக்க வேண்டுமா, வேண்டாமா?

சென்னை, மதுரை, திருச்சி மாதிரி ஊரில் எவர்சில்வர் தட்டில் சாப்பிடுகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். ஊட்டி, குன்னூர், கொடைக்கானலிலோ குளிர்நாடுகளிலோ இருந்து, பீங்கான் தட்டில் சாப்பிடுகிறவர்கள் என்றால் குளிர் மாதங்களில் கட்டாயம் சூடாக்குங்கள். ஏசி போட்ட அறையில் பீங்கான் தட்டு என்றால் சமைத்த பண்டத்தைப் பொறுத்தது.

ஒரு தட்டு அப்படி எவ்வளவு சூட்டைத்தான் குடித்துவிடும்?

நிறையக் குடிக்கும். என் பீங்கான் தட்டு ஒன்றைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 700 கிராம். பீங்கானின் வெப்பக் கொள்ளளவு (அதாவது, ஒரே எடைக்கு எவ்வளவு சூட்டை இழுக்கும் என்பது) தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அப்படியென்றால் அந்தத் தட்டு இழுக்கும் சூடு, 140 மில்லி தண்ணீர் இழுக்கும் சூட்டுக்குச் சமம். அதாவது, சில்லென்ற தட்டில் சோறு போடுவது, சூட்டுக் கணக்கில், சோற்றோடு ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரைச் சேர்ப்பது மாதிரி. எவர்சில்வர் தட்டு 250 கிராம்தான். இரும்பு வகைக்கு வெப்பக் கொள்ளளவும் குறைவு. அது இழுப்பது 30 மில்லி தண்ணீரின் அளவுக்குத்தான், இரண்டு மேசைக்கரண்டி.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். சமையலறை 14 டிகிரியில் இருக்கிறது (குன்னூர் ஜனவரியில் சாதாரணம்). கல்லிலிருந்து எடுத்த தோசை 100 கிராம், 80 டிகிரி. தட்டும் தோசையும் ஒரே சூட்டுக்கு வரும்வரை விட்டால், பீங்கானில் தோசை 35 டிகிரிக்கு இறங்கும். எவர்சில்வரில் 60 டிகிரியில் நிற்கும். அதே பீங்கானை முன்கூட்டியே 50 டிகிரிக்குச் சூடாக்கி வைத்தால்? அப்போதும் 60. வெதுவெதுப்பான பீங்கானும் சில்லென்ற எவர்சில்வரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன!

நிஜத்தில் தோசை தட்டு முழுவதையும் தொடாது, நாமும் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். அதனால் வித்தியாசம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் போக்கு இதுதான்.

சோறு, குழம்புக்கும் இதே கதைதானா?

இல்லை. சோறும் குழம்புமாக 400 கிராம் இருந்தால், அதில் தண்ணீர் அதிகம், சூடும் அதிகம். 75 டிகிரியில் போட்ட சோறு அதே குளிர்ந்த பீங்கானில் 57க்கு வரும். சாப்பிட அது போதும். குவியலாக இருக்கிற சாப்பாடு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். தட்டையாகப் பரவுகிற பண்டங்கள்தான் மாட்டிக்கொள்ளும்: தோசை, ஆம்லெட், மீன் வறுவல், சப்பாத்தி, வெள்ளை சாஸ் ஊற்றிய பாஸ்தா. இவற்றை வைக்கும்போதுதான் தட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

நம் பாட்டி, அம்மா யாரும் தட்டைச் சூடாக்கியதில்லையே. நாம் ஏன் செய்ய வேண்டும்?

என் மாமியார் கேட்ட கேள்வி இது, கொஞ்சம் கிண்டலாக. கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஊர் வெயில் ஒரு காரணம். மதுரையில் அலமாரியில் இருக்கிற தட்டே 32 டிகிரியில் இருக்கும், அதற்கு மேல் என்ன சூடாக்க? இலையும் எவர்சில்வரும் இன்னொரு காரணம். வாழை இலை மெல்லிசு, குடிக்கிற சூடு சொற்பம். ஆனால் என்னைக் கேட்டால் பெரிய காரணம் நம் பரிமாறும் முறைதான். நாம் ஒரே தடவையில் எல்லாவற்றையும் தட்டில் வைத்துவிடுவதில்லை. சாம்பாருக்கு ஒரு கை சோறு, ரசத்துக்கு இன்னொரு கை, மோருக்குக் கடைசியாக. ஒவ்வொரு முறையும் பானையிலிருந்து ஆவி பறக்க வருகிறது. சூட்டைக் காப்பது பானையின் வேலை, தட்டுக்கு அந்த வேலை இல்லை. ஒரு தட்டில் இறைச்சி, உருளைக்கிழங்கு, காய், குழம்பு எல்லாவற்றையும் ஒரேயடியாக அடுக்கி மேசைக்கு அனுப்புகிற முறையில் தட்டுதான் பானை. அது குளிர்ந்திருந்தால் சாப்பாடும் குளிர்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் தட்டு சூடாவது உண்டு, யாரும் அதை அப்படி நினைப்பதில்லை. என் அம்மா குழம்புச் சட்டியைச் சாப்பாட்டுத் தட்டால்தான் மூடி வைப்பார். சாப்பிட உட்காரும்போது அந்தத் தட்டை எடுத்து, உள்பக்கம் முத்து முத்தாக நிற்கிற தண்ணீரைச் சட்டிக்குள்ளேயே உதறி, புடவைத் தலைப்பால் ஒரு துடை துடைத்து அப்பாவின் முன்னால் வைப்பார். இதமாக இருக்கும். ஃபில்டர் காபிக்கு டவரா, டம்ளரை வெந்நீரில் அலசிவிட்டு ஊற்றுகிறவர்களும் செய்வது இதைத்தான்.

வெள்ளைக்காரர்கள் இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்?

குளிர் நாடு என்பது பாதிக் காரணம். பெரிய வீடுகளில் புகையும் வாசனையும் வரக்கூடாது என்று சமையலறையைச் சாப்பாட்டு அறையிலிருந்து தள்ளி, பல வீடுகளில் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். சாப்பாடு நீண்ட நடைவழியைக் கடந்து வந்து சேரும். அதனால் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கணப்பு அடுப்புக்கு முன்னால் நிறுத்திவைக்கிற தட்டு அலமாரிகள் இருந்தன. நெருப்பைப் பார்த்த பக்கம் திறந்திருக்கும், தட்டுகள் உள்ளே அடுக்கப்பட்டுச் சூடேறும். வசதியான வீட்டின் சாப்பாட்டு அறையில், பரிமாறும் மேசைக்கு இரு பக்கமும் நிற்கிற தூண் மாதிரிப் பெட்டிகளில் ஒன்றுக்கு உள்ளே தகரம் அடித்து, அடியில் சூடு வைத்துத் தட்டு அடுக்குவார்கள். வெளியே பார்த்தால் அழகான மரச்சாமான், உள்ளே ஹாட் கேஸ்.

சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான பீங்கானில் வெந்நீர்த் தட்டு என்றே ஒரு வகை உண்டு. இரண்டு அடுக்கு, நடுவில் வெற்றிடம், பக்கத்தில் ஒரு சின்னத் துளை. அதன் வழியாக வெந்நீரை ஊற்றினால் சாப்பிடும் நேரம் முழுக்கத் தட்டு சூடாக இருக்கும். மெதுவாகச் சாப்பிடும் குழந்தைகளுக்காக இதே யோசனையில் செய்த தட்டுகள் இன்றும் விற்பனைக்கு இருக்கின்றன.

பிறகு ஆகா அடுப்பு வந்தது. 1922இல் அதை வடிவமைத்தவர் ஸ்வீடனின் குஸ்தாஃப் டாலேன், 1912இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். வெடிவிபத்தில் பார்வை போன பிறகு வீட்டிலிருந்தபோது செய்த அடுப்பு அது. நாள் முழுக்க அணையாமல் இருக்கிற அடுப்பு என்பதால், அதன் சூடு குறைந்த அறையில் தட்டை வைத்துவிட்டால் தனியாக எந்த வேலையும் இல்லை. பிரிட்டனின் கிராமத்து வீடுகளில் இது இன்னும் நடக்கிறது.

எந்தச் சாப்பாட்டுக்கு இது மிக அவசியம்?

ஆட்டிறைச்சி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆட்டுக் கொழுப்பு 40 டிகிரியைத் தாண்டிய சூட்டிலேயே உறைய ஆரம்பித்துவிடும். நம் உடம்புச் சூடு 37. அதனால்தான் அந்தக் கொழுப்பு வாயில் போனாலும் கரையாமல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. சுக்கா, நல்லி எலும்பு, கொழுப்பு மிதக்கிற குழம்பு எதுவானாலும் குளிர் நாளில் தட்டைச் சூடாக்காமல் வைக்காதீர்கள். வெண்ணெய், நெய் பரவாயில்லை, அவை 35 டிகிரியை ஒட்டியே இளகிவிடும், வாயில் வைத்தாலும் கரையும். தேங்காய் எண்ணெய் 25க்கு மேல் திரவம்தான்.

அடுத்தது மொறுமொறுப்பான பண்டங்கள். சூடான தோசையைக் குளிர்ந்த தட்டில் போட்டால் அடியிலிருந்து வரும் ஆவி தட்டில் பட்டுத் தண்ணீராகிவிடும். மேலே முறுகல், கீழே நமத்துப்போயிருக்கும். தோசையைத் தூக்கிப் பாருங்கள், தட்டில் ஈரவட்டம் தெரியும். சூடான தட்டில் அந்த ஈரம் வெகுவாகக் குறையும்.

எதற்கெல்லாம் சூடான தட்டு கூடாது?

தயிர் சாதம், தயிர்ப் பச்சடி, சாலட், பழம். ஒரே தட்டில் பிரியாணியும் வெங்காயப் பச்சடியும் வைக்கிறவர்கள் பச்சடியைத் தனிக் கிண்ணத்தில் கொடுத்துவிடுங்கள். ஆஃப்பாயில், முட்டைப் பொரியல் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். தட்டு மிகச் சூடாக இருந்தால் முட்டை தட்டிலேயே தொடர்ந்து வேகும், மேசைக்குப் போவதற்குள் கெட்டியாகிவிடும்.

எவ்வளவு சூடு சரியானது?

45 முதல் 55 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையென்றால் கைதான் அளவுகோல். வெறும் கையால் எடுத்து, சமையலறையிலிருந்து மேசைவரை நடந்து, நிதானமாக வைக்க முடிந்தால் சரி. பாதி வழியில் கைமாற்றத் தோன்றினால் அதிகம். 60ஐத் தாண்டினால் தொடுவதும் கஷ்டம், குழம்பின் ஓரமும் காய்ந்து பொருக்குத் தட்டும்.

வயதானவர்கள், நீண்ட நாளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சிலருக்கு விரலில் உணர்ச்சி குறைந்திருக்கும். சுடுவது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வெதுவெதுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சூடாக்க எளிய வழி என்ன?

வெந்நீர். வேறு எந்த முறையையும்விட இதைத்தான் சொல்வேன். பாத்திரம் கழுவும் தொட்டியிலோ பெரிய பேசினிலோ கீசர் வெந்நீரைப் பிடித்துத் தட்டுகளை 3 நிமிடம் மூழ்க வையுங்கள். எடுத்துத் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு உடனே பரிமாறுங்கள். தட்டு அளவுக்கு மீறிச் சூடாக வாய்ப்பே இல்லை, விரிசலும் விடாது. துடைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஈரத்தட்டில் தோசை போட்டால் சூடாக்கியதற்குப் பலனே இல்லை.

தட்டு இரண்டு மூன்றுதான் என்றால், ரைஸ் குக்கர் மூடிமேலோ இட்லிப் பானை மூடிமேலோ கவிழ்த்து வைத்தால் போதும். பிரஷர் குக்கர்மேல் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். வெயிட்டும் ஆவி வரும் வழியும் மறைபட்டால் ஆபத்து.

ஓவன் இருக்கிறது. அதில் வைக்கலாமா?

தாராளமாக. 70, 80 டிகிரியில் 10 நிமிடம். சில ஓடிஜி ஓவன்களில் குறைந்த அளவே 100 டிகிரிதான். அதை 5 நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, பிறகு தட்டுகளை உள்ளே வையுங்கள். எட்டுத் தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேலும் கீழும் சுடும், நடுவில் இருப்பவை பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். பாதி நேரத்தில் அடுக்கை மாற்றிப் போடுங்கள். எடுக்கும்போது காய்ந்த கரித்துணியால் எடுங்கள். ஈரத்துணி சூட்டைச் சட்டென்று கைக்குக் கடத்திவிடும்.

மைக்ரோவேவ்?

மைக்ரோவேவ் தண்ணீரைச் சூடாக்குமே தவிர, நல்ல பீங்கானை அவ்வளவாகச் சூடாக்காது. அதனால் தட்டில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் வைத்தால் தண்ணீர் சூடாகித் தட்டும் சூடாகும். சில மண்பாண்ட வகைத் தட்டுகள் அடிப்பக்கத்தில் மெருகில்லாத வளையத்தின் வழியாக ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அவை கையில் எடுக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். தங்க ரேக்கு, வெள்ளி ரேக்கு போட்ட தட்டை உள்ளே வைத்தால் பொறி பறக்கும். எவர்சில்வரை வைக்கக்கூடாது என்று சொல்லவே வேண்டியதில்லை.

நேரடியாக அடுப்பில் காட்டினால் என்ன?

நான் செய்தேன். தோசைக்கல்லை அணைத்துவிட்டு, சூடு இருக்கும்போதே பீங்கான் தட்டை அதன்மேல் வைத்துவிட்டுச் சட்னிக்குத் தாளிக்கப் போனேன். கடுகு வெடித்த சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் தட்டு சரிபாதியாகப் பிளந்து கிடந்தது. அடிப்பகுதி சூடாகி விரிகிறது, விளிம்பு குளிர்ந்தபடியே இருக்கிறது, இரண்டுக்கும் இடையில் தட்டு உடைகிறது. பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் சூடு மெதுவாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஏற வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தட்டில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவதும் இதே தப்புதான்.

மெலமைன் தட்டு வைத்திருக்கிறோம்.

அதைச் சூடாக்காதீர்கள். ஓவனிலும் வேண்டாம், மைக்ரோவேவிலும் வேண்டாம். மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிளாஸ்டிக் அது. சூடு அதிகமானால் அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டில் இறங்கும். நல்ல செய்தி, மெலமைன் லேசானது, சூட்டை அவ்வளவாக இழுக்காது. அதற்குச் சூடாக்கலே தேவையில்லை.

மெல்லிய கண்ணாடித் தட்டுகள் எப்படி?

கோரல் மாதிரியான அடுக்குக் கண்ணாடித் தட்டுகள் (1970இல் கார்னிங் நிறுவனம் கொண்டுவந்தது) பீங்கானைவிட மெல்லிசு, எடையும் குறைவு. பீங்கானுக்கும் எவர்சில்வருக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் வெந்நீரில் ஒருமுறை அலசினால் போதும். நான் கடைசியில் தினப்படிக்கு இதற்குத்தான் மாறினேன். கனத்த பீங்கான் விருந்தாளி வரும்போது மட்டும்.

மலையில் சாப்பாடு சீக்கிரம் ஆறுவது குளிரால் மட்டும்தானா?

பெரும்பாலும் குளிர்தான். ஆனால் ஒரு சின்ன விஷயம் உண்டு. உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும், 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று தோராயமாகச் சொல்லலாம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இங்கே ரசம் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரி குறைவு. ஆக, ஆறுவதற்கு முன்னாலேயே நம் ரசம் மதுரை ரசத்தைவிட ஆறு டிகிரி பின்தங்கித்தான் புறப்படுகிறது.

தட்டைச் சூடாக்கினால் சாப்பாடு கடைசிவரை சூடாக இருக்குமா?

இருக்காது. பத்து நிமிடம், மிஞ்சினால் கால் மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் சாப்பாட்டின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகப் போகிற சூட்டைத் தட்டால் ஒன்றும் செய்ய முடியாது. கிரானைட் மேசையும் அடியிலிருந்து சூட்டை இழுக்கும், ஒரு துணி விரிப்பு போடுங்கள். மெதுவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் பழைய முறைதான்: கொஞ்சமாகப் போட்டு, மீதியை ஹாட்பாக்ஸில் வைத்து, கேட்கக் கேட்கப் போடுவது.

சமைத்ததைச் சூடான தட்டில் போட்டு மணிக்கணக்கில் மேசையில் வைத்திருக்காதீர்கள். கிருமிகள் பெருகுவது 5 முதல் 60 டிகிரிவரை. வெதுவெதுப்பான தட்டு அதற்குள்தான் வருகிறது.

ஐஸ்கிரீம் கிண்ணத்தை ஃபிரிட்ஜில் வைப்பதும் இதே கணக்கா?

அதேதான், தலைகீழாக. கனத்த கண்ணாடிக் கிண்ணமாக இருந்தால் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சின்ன மாமனார் போன மாதம் மறுபடி வந்திருந்தார். மட்டன் குழம்புக்கு வெந்நீரில் போட்டு எடுத்த தட்டு, அதற்குப் பிறகு ஐஸ்கிரீமுக்கு ஃபிரிட்ஜிலிருந்து கிண்ணம். இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல தட்டும் சேர்த்துச் சமைப்பீங்களாம்மா?" என்றார்.